சுவரில் இரண்டு தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் ரெண்டு தட்டு கேட்டது. என்ன ஏதென்று யோசிக்கும் முன்னே எழுந்துவிட்டேன், கை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது, புதுசாகக் குடிவந்தவர்கள் ஆணி அடிக்கிறார்கள். ஆனாலும் உட்கார மனசு வரவில்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அரியாங்குப்பத்தில் நான் இருப்பது லைன் வீடு. இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒத்தைக்கல் சுவர். அந்த வீட்டுக் குக்கர் விசிலை என்னுடையது என்று நினைத்து வேகாத பருப்பை இறக்கி வைத்திருக்கிறேன். அங்கேதான் கலா இருந்தாள், புருஷனோடும் பதினோரு வயசு மகள் பவித்ராவோடும். கலாவுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்யும் வேலை, இருட்டினால்தான் வருவாள். பள்ளிக்கூடம் விட்டதும் பவித்ரா நேராக என் வீட்டுக்கு வந்து பையைக் கடாசுவாள். "அத்த, தின்ன இன்னா இருக்கு?"

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். அந்த வருஷம் பவித்ராவுக்குப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தபோது எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாவாடை அதே நீலம், நான் ஏழாவதில் போட்டிருந்த நீலம்.

நான் வயசுக்கு வந்தது வகுப்பில். பெஞ்சு ஈரமானது. வயிற்றுக்குள் ஏதோ வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எல்லோரும் போகிறவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்து, பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது, அம்மா மில் வேலைக்குப் போயிருந்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அம்மா வருகிற வரைக்கும் செத்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். தண்ணி ஊத்தி, புட்டு சுற்றி, எல்லாம் செய்தார்கள். பள்ளிக்கூடம் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. என் யூனிபார்ம் கொஞ்ச நாளில் கரித்துணியானது. அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, நான் கம்பெனி கம்பெனியாக வேலைக்குப் போனேன், கல்யாணம் என்ற பேச்சும் வந்த மாதிரி வந்து போய்விட்டது.

பவித்ராவிடம் பேசச் சொல்லிக் கலாவைக் கேட்டேன்.

"சொன்னா சீக்கிரம் வந்துடும்க்கா" என்றாள். பிறகு, "எனக்கு வாய் வராது. நீங்க வேணா சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஏழாவது படித்தவள் என்னத்தைச் சொல்வது? தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய்க் கேட்டேன். உங்க பொண்ணா என்றார். தலையை எப்படியோ ஆட்டிவைத்தேன்.

அன்று பொரியலுக்கு பீட்ரூட் வேகவைத்திருந்தேன். மண்வாசனை மாதிரி ஒரு வாசனை வருமே, இப்போதும் அந்த வாசனைக்கு அவள் முகம்தான் ஞாபகம். அந்தத் தண்ணீரை ஒரு குழம்புக் கரண்டியில் எடுத்துக்கொண்டேன். சானிட்டரி பேட் ஒன்றைப் பிரித்துப் பழைய ஜட்டியில் எப்படி ஒட்டுவதென்று காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

"டிவில நீலமால்ல ஊத்துவாங்க?"

"நமக்கெல்லாம் நீலமா வராதுடி."

"எவ்ளோ வரும்?"

"நாலஞ்சு நாளைக்கும் சேத்தே இந்தக் கரண்டி அளவுதான். பாக்கத்தான் நெறையாத் தெரியும். அடிபட்ட ரத்தம் இல்ல இது, பயப்படாத."

"அவ்ளோதானா? இதுக்கா இப்படி மூஞ்ச வெச்சிக்கினு இருக்கே?"

அவளுக்கு ஒரு பாக்கெட், என் அலமாரியில் ஒரு பாக்கெட். வந்ததும் சுவரில் ரெண்டு தட்டு தட்டச் சொன்னேன். மூணு தட்டினா என்று கேட்டாள். மூணு தட்டினா வயித்து வலி, சுடுதண்ணி கொண்டாருவேன் என்றேன். நான் வேலை பார்த்த சேதராப்பட்டு கம்பெனியில் வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும், சூப்பர்வைசரைக் கெஞ்சி எப்போதும் காலை ஷிப்டே வாங்கிக்கொண்டேன், தினமும் அவள் வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டுமே.

ஒரு சாயங்காலம் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ரெண்டு தட்டு. கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, வந்துடுச்சி. நீலமா இல்ல."

பேடெல்லாம் அவளே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கா?"

"இல்ல. பசிக்குது."

அந்த ஒரு நிமிஷம் துவைக்கிற கல்லிலிருந்து யாரோ என்னைத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. உடனே அடுத்த கவலை. எங்கள் பக்கத்தில் பெண் வயசுக்கு வந்தால், யாரிடம் முதலில் சொன்னது என்று கேட்பார்கள். தாலி ஏறாதவள் பேர் அதில் வரக் கூடாது.

"அம்மா வந்ததும் மொதமொதல்ல சொல்ற மாதிரி சொல்லு."

"ஏன்?"

"அடுப்புல கொழம்பு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மீன் அப்போது தொட்டியில்தான் கிடந்தது.

தண்ணி ஊத்தின அன்று சுமங்கலிகள் வரிசையாக நின்றார்கள். கலாவின் நாத்தனார் என்னிடம், "நீ தண்ணி மொண்டு குடும்மா, கைக்கு ஆள் வேணும்" என்றாள். பொண்ணு அழவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டவர்களிடம் கலா, "நான்தான் முன்னாடியே எல்லாம் சொல்லி வெச்சிருந்தேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. தாய்க்குத்தானே அந்தப் பேர்.

மூணாவது சொம்பு ஊற்றும்போது பவித்ரா உட்கார்ந்திருந்த பலகையில் சத்தம் கேட்டது. தலையைக் குனிந்தபடி விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள். மூணு. நான் அடுப்பிலிருந்த வெந்நீரைக் கொண்டுவந்து அண்டாவில் கலந்தேன்.

"ஏம்மா, சுடுதண்ணி எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"பனியா இருக்குல்ல" என்றேன். அப்போது நல்ல வெயில்.

அடுத்த வாரம் பவித்ரா அதே நீலப் பாவாடையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாள். முனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன்.

மறு வருஷம் அவள் அப்பாவுக்குக் கடலூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். முதலில் போன் பேசினாள். இப்போது கலாவின் வாட்ஸப்பில் படம் மாறும்போது பார்ப்பதுதான், என்னைவிட உயரமாகிவிட்டாள். எனக்கே எல்லாம் நின்றுவிட்டது, ஆனால் மேல்தட்டில் அந்தப் பாக்கெட் இருக்கிறது. சாயங்காலங்களில் கதவு திறந்தேதான் இருக்கும். தின்ன என்ன இருக்கு என்று கேட்க ஆளில்லாததால் நானும் பாதி நாள் எதுவும் செய்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆணி சத்தத்தை நின்றுகொண்டே கேட்டேன். மூணாவது தட்டு விழுந்தது. கண் தன்னாலே வெந்நீர்ப் பானைக்குப் போனது. அப்புறம் நாலாவது. நாலுக்கு நாங்கள் ஒன்றும் பேசி வைத்திருக்கவில்லை.