பெயின்ட்டின் மேல் சாமை

உண்ணாமலை மலைப்பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். அடுப்படியிலிருந்து எழுந்தால் முதுகு நிமிரவே கொஞ்ச நேரம் ஆகும். அந்த முதுகோடுதான் ஊர்க்காரர்களுடன் குனிந்து, பள்ளி வாசலில் ரோட்டின் குறுக்கே பிள்ளைகள் கைகோத்து நடப்பதுபோல் பெயின்ட்டில் படம் வரைந்தாள். அதைப் பார்த்தாவது வண்டிகள் மெதுவாகப் போகட்டும் என்று நினைத்தாள். ஒருத்தனும் மதிக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் காந்தம்மா அந்தப் படத்தின் மேலேயே சாமையைக் காயப்போட்டு, சுற்றிலும் கல் வைத்தாள்.

“இன்னா காந்தம்மா, வேற எடமே கெடைக்கலியா?”

“பெயின்ட் அடிச்ச எடத்துல மண்ணு ஒட்டாதுக்கா.”

சண்டை போடத் தெம்பில்லாமல் உண்ணாமலை ரோட்டோரம் உட்கார்ந்தாள். மேட்டிலிருந்து பறந்து வந்த வேன் சாமையைக் கண்டதும் பிரேக் போட்டது. ஒரு மணிகூடச் சிதறாமல் ஓரமாக ஊர்ந்து போனது.

“புள்ளைங்களுக்கு நிக்காதவன் சாமைக்கு நிக்கிறான் பாரு!” என்று காறித் துப்பினாள்.

ஊரில் எல்லோரும் சாமையை மூட்டை கட்டி மாசக்கணக்காகிறது. பள்ளி விடும் நேரத்தில் உண்ணாமலை மட்டும் இடுப்பில் கூடையோடு ரோட்டுக்கு வந்து, அந்தப் படத்தின் மேல் சாமையைப் பரப்புகிறாள். அவள் வீட்டுச் சாமை இன்னும் காய்ந்தபாடில்லை.