படங்குக்குப் பின்னால்

இன்று காலை கைபேசி தானாகவே ஒரு பழைய படத்தைத் தூக்கிக் காட்டியது. கறுப்புப் பின்னணியில் ஒற்றைச் செம்பருத்தி, இதழில் மழைத்துளி. எட்டிப் பார்த்த மனைவி, "ஸ்டூடியோவுல எடுத்ததா?" என்றாள். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஸ்டூடியோ எங்கே வந்தது! இலங்கையில் தெரணியகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தபோது எடுத்தது. இடம், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் செல்லம்மா அக்காவின் வாசல். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கறுப்புப் படங்குத் துணிதான் அந்தப் பின்னணி. புதிதாகக் கேமரா வாங்கி, யாரும் சொல்லித் தராமலே கலைஞனாகியிருந்தேன். வெயில் மலையைத் தாண்டிவிட்டால் சிவப்பு இதழ் வெளுத்துவிடும். அதற்கு முந்திய அரைமணி நேர மேக வெளிச்சம்தான் பூவுக்கு நல்லது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அக்கா பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பெயர் கொடுத்துக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏற வேண்டியதும் அதே அரைமணியில்தான்.

பூவுக்குப் பின்னால் தகரமும் தண்ணீர்ப் பீலியும் தெரிந்து படத்தைக் கெடுத்தன. "இத விரிச்சுப் புடிக்கவாங்கய்யா?" என்று படங்கை அவிழ்த்தது அக்காவின் யோசனை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, மறைவிலிருந்தே "ஹரியா?" என்பார். எங்கள் பக்கத்தில் 'சரியா' என்பது பாதி நேரம் சிங்களத்தில்தான் வரும். நான் மண்டியிட்டுக் கோணம் தேடுவேன்.

"பூவத்தான் எடுக்கிறீங்களா, இல்ல பொண்ணு பாக்க வந்தீங்களா? கை கடுக்குதுங்க. அங்க கங்காணி ஏசப்போறாரு."

என் காலுறைக்குள் அட்டை ஏறியதைக் கண்டால் அக்காவுக்கு இன்னும் சிரிப்பு. "அட்டைக்கு இன்னிக்கு ஆபீஸ் ரத்தம்!"

ஒருநாள் கேட்டார்: "என்னையும் ஒன்னு புடிங்களேன்யா. எம்பிலிப்பிட்டியாவுல இருக்கிற மகளுக்கு அனுப்பணும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "பூ அந்திக்குள்ள வாடிரும்க்கா. நீங்க நாளைக்கும் இருப்பீங்கதானே" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே படங்கைத் தூக்கினார். மறுநாளும் இதே பதில்தான். எனக்குப் பூதான் அவசரம்.

அடுத்த மழைக்காலத்தில் மலை சரிந்தது. மழையென்று வேலை நிறுத்தியிருந்ததால் அக்கா வீட்டில் இருந்தார். லயம் இருந்த இடத்தில் இப்போது மானாப்புல் மட்டும்.

காரியத்துக்குப் பிறகு மகள் ஆபீசுக்கு வந்தாள். "அம்மா படம் ஒன்னுகூட மிஞ்சலீங்கய்யா. ஐடென்டிட்டி கார்டும் மண்ணுக்குள்ள. நீங்க நெறைய எடுத்தீங்கன்னு பக்கத்து லயத்துல சொன்னாங்க."

எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். பூ, பூ, பூ. ஓரத்தில் அக்காவின் பெருவிரல் தெரிந்த படங்களில், அழகு கெடுகிறதென்று அதையும் வெட்டியிருந்தேன்.

"அம்மா எங்கங்கய்யா?"

கறுப்பைத் தொட்டுக் காட்டினேன். "இதுக்குப் பின்னாலதான் நிக்கிறாங்க."

அவள் அந்தக் கறுப்பைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். படங்கின் தையல்தான் தெரிந்தது.