கந்தூரிச் சோற்றில் இரண்டு கை உப்பு

கண்டக்குழிக்குப் போகிற வழியில், கடலோரமாக ஒரு அவுலியா, இறைநேசர், அடங்கியிருக்கிறார். அவர் அடங்கிய அந்தச் சியாரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருவது எங்கள் குடும்பம். கூட்டுவது, விளக்கேற்றுவது, போர்வை மாற்றுவது, வருகிறவர்கள் சொல்லி அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எல்லாம் எங்கள் வேலை. கடைசி வேலையை வாப்பா எனக்கே விட்டுவிட்டார். "உனக்குத்தான் கதை வேணும், எடுத்துக்கொள்" என்பார்.

வருசா வருசம் அவுலியா பேரில் ஆக்கிப் போடுகிற கந்தூரிச் சாப்பாட்டுக்கு உப்புப் போடுகிற உரிமை மட்டும் மூத்த மகனுக்கு. அதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. பாத்திஹா ஓதி முடியும்வரை அந்தச் சாப்பாட்டை ஒருவரும் ருசி பார்க்கக் கூடாது. உப்புப் போட்டவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. நான் இளையவனாகப் பிறந்தது எல்லோருக்கும் நல்லது.

வாப்பா மௌத்தாகி, அவர் இல்லாமல் வந்த முதல் கந்தூரி அது. இனி மூத்தவரான காக்காவின் கைதான். எங்கள் ராத்தாவின் மாப்பிள்ளை, மதுரங்குளியில் கடை வைத்திருக்கிற மச்சான், முந்தின கிழமையே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "கையளவு எல்லாம் மாமாவோட போச்சு. புத்தளத்தில நல்ல சமையல்காரர் இருக்கிறார். இந்த முறை சோறு பிழைச்சா, அடுத்த முறை அவரைத்தான் கூப்பிடுறது." அன்றைக்குக் காக்கா தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

கந்தூரியன்று காலையில் சோற்றுக் கிடாரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் விறகு தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது காக்காவைக் காணவில்லை. கொடிமரத்தடியிலிருந்து யாரோ கூப்பிட, அங்கே போயிருந்தார். உப்புத் தட்டைப் பார்த்தேன். குவியலாக நிறைந்திருந்தது. மனிதர் பதற்றத்தில் மறந்துவிட்டார், மச்சான் கண்ணில் படுமுன் நாமாவது காப்பாற்றுவோம் என்று, பிஸ்மி சொல்லி மூன்று பிடி அள்ளிப் போட்டேன். அதோடு அரிசியையும் கொட்டிவிட்டார்கள்.

சோறு அரைவேக்காட்டுக்கு வந்திருக்கும். உப்பளத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவர் வந்தார். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வருசா வருசம் ஒரு பை உப்பு நேர்ச்சையாகக் கொண்டுவருவார். எங்கள் இருவரையும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, தட்டு வெறுமையாக் கிடந்தது. அவுலியா அப்பாட வாசலில வெறுந்தட்டு கிடக்கலாமோ? நான் கொட்டி நிரப்பிவிட்டனான்."

"எப்ப அக்கா?"

"பெரிய நானா போட்டிட்டு அங்கால போன கையோட."

அப்படியென்றால் சோற்றில் இரண்டு தரம் உப்பு. காக்கா திரும்பி வந்ததும் காதோடு காதாகச் சொன்னேன்: "காக்கா, நானும் போட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், கிடாரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இந்த வயது வரைக்கும் அவர் என்னை ஏசாமல் விட்டது அந்த ஒரு தரந்தான். பாத்திஹா முடியும்வரை ஏச வழியில்லை. அடுத்த அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி ஏறியிருந்தது. அதற்கு இன்னும் உப்புப் போடவில்லை. (எல்லாச் சனமும் வருகிற இடம், மாட்டிறைச்சி வைக்கிற வழக்கம் இல்லை.) காக்கா உப்புத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். கறிக்கும் உப்பில்லை, அன்னாசிச் சம்பலுக்கும் உப்பில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. அதற்குமேல் நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். உப்புப் போட்டவன்தானே நானும்.

பாத்திஹா முடிந்தது. ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர். எங்கள் சஹனில் மச்சானும் உட்கார்ந்தார். கறி ஊற்றுமுன்னே வெறுஞ்சோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். முகம் ஒரு பக்கம் போனது.

"கடல் தண்ணியிலயா வேகவச்ச?"

கறி வந்தது. பிசைந்து இன்னொரு கவளம் எடுத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். பிறகு சம்பலையும் சேர்த்துக்கொண்டு தன் பக்கத்தைத் துடைத்துவிட்டு, காக்காவின் பக்கத்துச் சோற்றிலும் கை வைத்தார்.

"ஆர் உப்புப் போட்ட?"

நான் வாயெடுக்குமுன் காக்கா சொன்னார். காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு: "நாங்க ரெண்டு பேரும்."

பிறகு என்னை யார் பிடிப்பது? முழுக் கதையையும் சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து உப்பள அக்கா, "உப்புப் பாத்தியில நிக்கிற எங்களுக்கு இது அளவுதான் நானா" என்று குரல் கொடுத்தார். மச்சான் சிரிப்பில் புரையேறித் தண்ணீர் குடித்தார்.

"சமையல்காரர் கையில பிழைச்சிருந்தா, பிழைச்ச சோறு பிழைச்ச சோறாவே போயிருக்கும்" என்றார். "அவரை விடுங்க. அடுத்த முறையும் நீங்களே போடுங்க. ஆனா ஒரு ஆள் போட்டாக் காணும்."

காக்கா என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"இவன்ட பிடி சின்னப் பிடி மச்சான்" என்றார். "அதாலதான் தப்பிச்சம்."