பஞ்சர் சைக்கிளில் ஒரு சாட்சி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஆறாம் வகுப்போடு பேனாவை மூடியவன் நான். எழுதுவதைவிட ஆளை ஓட்டுவதுதான் எனக்குச் சுலபம். ஆனால் போன வாரம் என் சைக்கிள் பஞ்சராகி, வில்லியனூரில் கடை வைத்திருக்கும் நண்பனிடம் தள்ளிக்கொண்டு போனபோது, பழைய சந்தேகம் ஒன்றும் உஸ்ஸென்று வெளியே வந்துவிட்டது.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். உறுவையாறு கிராமத்தில் இருந்தோம். அப்பா நல்ல உழைப்பாளி, பொழுது சாய்கிறவரைக்கும். அதன்பிறகு அவர் வில்லியனூர் ரோட்டிலிருந்த சாராயக்கடையின் சொத்து. தமிழ்நாட்டிலிருந்து எல்லையைத் தாண்டியெல்லாம் அந்தக் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். அவ்வளவு தூரத்து ஆட்களே வரும்போது உள்ளூர்க்காரர் போகாமலிருந்தால் மரியாதையாக இருக்காது என்பது அப்பாவின் கட்சி.

ஒருநாள் அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு திருக்கனூரிலிருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே மாமா தலையில் குட்டுவார் என்பதால் நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அப்பாவோடு தங்கிவிட்டேன். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அழைக்கப் போனார். அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை.

"குடிய வுட்டுட்டேன்னு நீ சொல்லாத. வேற யாரனா சொல்லட்டும், அப்ப வரேன்."

அப்பா அதையே புலம்பிக்கொண்டு விதை வாங்கப் போனார். கடைக்கார பாய் தராசை இறக்கி வைத்தார்.

"மாதா கோயில் பக்கத்துல ஓட்டுக் கட்டடம் இருக்குல்ல, அங்க ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூடறாங்க. எல்லாம் உன்ன மாதிரி ஆளுங்கதான். வுட்டவங்களும் இருக்காங்க, வுடப் பாக்கறவங்களும் இருக்காங்க. போயி உக்காரு."

"ஞானஸ்நானம் குடுத்து வேதத்துல சேத்துடுவாங்களா பாய்?"

"அனுப்பறது நானு. எனக்கு இன்னாய்யா லாபம்? போ நைனா."

அப்பா அதை ஊர்ப் பஞ்சாயத்து என்றே எடுத்துக்கொண்டார். பஞ்சாயத்து என்றால் சாட்சி வேண்டும். சாட்சி நான். ஞாயிற்றுக்கிழமை வெளுத்த வேட்டி கட்டி, என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைத்து, வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

"கேட்டா இன்னா சொல்லுவ?"

"எங்கப்பா குடிக்கல."

இதற்குக் கூலி ஒரு பொட்டலம் வறுத்த பட்டாணி.

அங்கே நாலைந்து பெஞ்சு, ஒரு டீ கெட்டில், பத்துப்பேர் இருப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொன்னார்கள். அப்பாவின் முறை வந்ததும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தன் பெயர், தன் அப்பா பெயர், ஊர் எல்லாம் சொன்னார். "ஒரு வாரமா தொடலீங்க. சாட்சி கொண்டாந்திருக்கேன்" என்று என்னை முன்னால் தள்ளினார்.

வாய் நிறையப் பட்டாணி. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"எங்கப்பா குடிக்கல. நேத்து மட்டும் குடிச்சாரு. வாந்தி எடுத்தாரு, நான்தான் தண்ணி ஊத்தி வுட்டேன்."

பெஞ்சுகள் ஆடும்படி சிரித்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். கூட்டத்தை நடத்திய பெரியவர், வேதக்காரர், விவசாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இங்க சாட்சியெல்லாம் வேணாம் நைனா. நீயே சொல்லு, போதும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் பட்டாணியைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று பொட்டலத்தை டிராயருக்குள் செருகிக்கொண்டேன்.

"நேத்து குடிச்சேன்," என்றார். "இன்னிக்குக் குடிக்கல." உட்கார்ந்துவிட்டார்.

அத்தோடு என் உத்தியோகம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறும் "வாடா, ஏறு" என்றார். சாராயக்கடை நெருங்கியதும், "மணிய அடி. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாத" என்றார். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கடைக்குள்ளிருந்து யாரோ அப்பாவைக் கூப்பிடுவது போலிருக்கும். என் மணிச் சத்தத்தில் எதுவும் சரியாகக் கேட்காது. ஞாயிறு தவறாமல் போனோம்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, சரியாக அந்தக் கடைக்கு முன்னால் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. அப்பா இறங்கினார். நானும் குதிக்கப் பார்த்தேன்.

"எறங்காத. அப்பிடியே உக்காரு."

ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையால் என் வயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தள்ளினார். சக்கரம் தரையில் நசுங்கிக் கடகடவென்றது. அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் கிளாசோடு நடுரோட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மச்சான், மழையில நனைஞ்சிக்கினு போற? ஒரு வாய் ஊத்திக்கினு போ. இந்தா, புடி."

கிளாஸ் அப்பாவின் மோவாய்வரைக்கும் வந்தது. எனக்கே அந்த வாடை குப்பென்று அடித்தது. அப்பாவின் கை என் வயிற்றை இறுக்கியதில் தின்ற பட்டாணி மேலே வந்துவிடும் போலிருந்தது.

"அடிடா மணிய."

அடித்தேன். கடைக்குள்ளிருந்து ஒருவர் கத்தினார்: "யோவ், புள்ளய எறக்கி வுட்டா டயராவது பொழைக்கும்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அப்பா தள்ளிக்கொண்டே போனார். கடை கண்ணுக்கு மறைந்த பிறகும் என்னை இறக்கவில்லை. கூட்டத்துக்குத் தாமதமாகப் போய், ஈரத்தோடு எழுந்து நின்று, "இன்னிக்குக் குடிக்கல" என்றார்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தங்கை வாசலில் மண் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவிடம் யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. நானில்லை, என் சாட்சிதான் எங்கும் செல்லாதே.

இதையெல்லாம் பஞ்சர் கடை நண்பனிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "டயரு, டியூபு, ரிம்மு எல்லாம் அன்னிக்கே போச்சுடா. எனக்குக் காலு நல்லாத்தான இருந்துச்சு? எறக்கி வுட்டிருந்தா நடந்திருக்க மாட்டேன்? நீ மெக்கானிக்கு, நீ சொல்லு."

அவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"உன்ன எறக்கி வுட்டிருந்தா அவரு கை சும்மா இருந்திருக்கும்டா."