ஒரு புள்ளிக்கு ஆறு மாதம்

ரேடார் படத்தைத் தெளிவாக்கும் தொழிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் கிடைப்பது ஒரு வெள்ளைப் புள்ளி. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ட்ரோனில் கட்டிய ரேடார் பறந்துகொண்டே ரேடியோ அலைகளை அனுப்பும். திரும்பி வருவதையெல்லாம் சேர்த்து என் புரோகிராம் படமாக்கும். ட்ரோன் காற்றில் ஆடுவதையும் கணக்கில் சரிசெய்ய வேண்டும். தப்பினால் படம் கலங்கிவிடும்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தில், ரேடார் அலையை வந்த பக்கமே திருப்பியனுப்ப மூன்று அலுமினியத் தகடுகளை அறையின் மூலைபோலச் சேர்த்து நட்டிருந்தோம். ஆடி முடிவதற்குள் அது படத்தில் ஒரே புள்ளியாகத் தெரியாவிட்டால், சென்னை நிறுவனம் எங்கள் திண்டுக்கல் அலுவலகத்தை மூடிவிடும். அலுவலகம் என்றால் நானும் ட்ரோன் ஓட்டும் பிரான்சிஸும்தான்.

காணாமல் போன தகடு

முதல் மூன்று வாரம் படத்தில் தகடே இல்லை. புரோகிராமை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தேன். கடைசியில் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனால், ட்ரோன் பறக்கும் பக்கம் பார்க்க வேண்டிய தகடு கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே நிறைய மோர்மிளகாய்.

தோட்டக்காரர் பாண்டியம்மாள் கொஞ்சமும் பதறவில்லை. "வெயிலுக்குத் திருப்பித்தான வச்சேன் தம்பி, நெழல்ல கெடந்தா எப்பிடிக் காயும்?"

ஆடிக் காற்று

தகட்டைத் திருப்பினோம். புள்ளி வந்தது, ஆனால் வால் முளைத்துக் கோடாக. மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் கோடு கோடாகவே இருந்தது, ஆடியும் பிறந்துவிட்டது. காற்றில் ட்ரோனை நேராக ஓட்டத் தெரியவில்லை என்று பிரான்சிஸைத் திட்டினேன். மறுநாளும் திட்டினேன். மூன்றாம் நாள் அவன் ரிமோட்டை மேஜைமேல் வைத்தான்.

"காத்த நானாண்ணே கூட்டியாந்தேன்? ஒங்க கம்ப்யூட்டருக்குள்ளயும் ஒருவாட்டி பாருங்க."

கிணற்றுக்குள் வேன்

ஆடி கடைசி வாரம் சென்னையிலிருந்து அதிகாரி வந்தார். மேகம் மூடினாலும் எங்கள் ரேடார் படமெடுக்கும் என்று சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கென்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. படத்தில் தகடு அதே கோடு. போதாக்குறைக்குச் சாலையில் ஊர்ந்துபோன பூ வேன் தோட்டத்துக் கிணற்றுக்குள் தெரிந்தது. ஓடும் வண்டி ரேடார் படத்தில் இடம் தள்ளித்தான் விழும், அது இயற்பியல் என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கிணத்துக்குள்ள வேன் இருக்குன்னு நான் எப்படி சார் மேல ரிப்போர்ட் அனுப்புறது?"

பன்னிரண்டு சென்டிமீட்டர்

அலுவலகத்தை மூடியாயிற்று, வெள்ளிக்கிழமைக்குள் லேப்டாப்பை ஒப்படைக்கவும் என்று மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமை கோப்புகளை அழிக்க உட்கார்ந்தவன் கண்ணில் அது பட்டது. ட்ரோனில் ஜிபிஎஸ் மேலே இருக்கும், ரேடார் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே. அந்த இடைவெளியைக் கழிக்க வேண்டிய இடத்தில் ஆறு மாதமாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். ட்ரோன் சாயும்போதெல்லாம் புள்ளி இழுபட்டது அதனால்தான். கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றிப் புரோகிராமை ஓட்டினேன். கோடு சுருங்கி, குண்டூசித் தலைபோல ஒரு புள்ளி நின்றது. அழுகை வந்தது. காற்றின் மேலும் தப்பில்லை, பிரான்சிஸ் மேலும் தப்பில்லை. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன், மன்னிப்பும் கேட்டேன்.

அவன் திரைக்குக் கிட்டே குனிந்து புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தான். "நல்லாத்தாண்ணே வந்துருக்கு. யாருக்குக் காட்டப் போறீங்க?"

உலகத்துக்கே துல்லியம் சொல்லித்தரக் கிளம்பிய நான், இரண்டு பேர் வேலையைத் துல்லியமாகப் பன்னிரண்டு சென்டிமீட்டரில் தொலைத்தேன்.