பூவலுக்கு வந்த மானியம்

எங்கள் கரையில் குடிதண்ணீர் மணலுக்குள் இருக்கிறது. கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் உள்ள மணல் மேட்டில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் ஊற்று வரும். அந்தக் குழியைப் பூவல் என்போம். சிரட்டையால் மெல்ல அள்ளிக் குடத்தை நிரப்பி, குழியை ஓலையால் மூடிவிட்டு எழும்ப வேண்டும். அடுத்தவர் தண்ணீர் ஊறும்வரை இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். அங்கே வாளி கொண்டுபோக மாட்டோம், மோட்டர் வைக்க மாட்டோம். அவசரமாக அள்ளினால் அடியில் கிடக்கும் உப்பு மேலே வந்துவிடும்.

அந்தத் தண்ணீரில்தான் என் மனைவி வலைக்காரர் தங்கும் ஓலைக் குடிலான வாடியில் தேநீர் போட்டு விற்றாள். நான் கரைவலை இழுக்கிறவன். வலை வெறுமையாக வரும் நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவளுடைய தேநீரால்தான்.

நீர்வளத்தைப் பாதுகாக்க அரசாங்க மானியம் வந்திருப்பதாகவும், மக்களே திட்டத்தைச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு நாள் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோப்பு வைத்திருக்கிற ஒருவர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாசலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன். மனைவிதான் எழும்பினாள்.

“சேர், மாடுகள் வந்து பூவலை மிதிச்சுப் போடுது. ஒரு வேலி அடிச்சுத் தந்தாக் காணும்.”

“வேலிக்கு இந்த நிதியில தர ஏலாது அம்மா. கட்டுமானம் ஏதும் கேளுங்கோ” என்றார் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி.

“அப்ப ஒண்டும் வேண்டாம் சேர். தண்ணி தன்ர பாட்டில நல்லாத்தான் இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். “ஒண்டும் வேண்டாம் எண்டு திட்டத்தில எழுதேலாது. வருசம் முடிய முதல் செலவழிக்காட்டிக் காசு திரும்பிப் போயிடும்.”

போனால் போகட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வந்த காசு திரும்பிப் போவது பாவம் போல எங்களுக்கும் பட்டது.

கூட்டம் முடிந்ததும் அவரை வாடிக்குக் கூட்டி வந்து தேநீர் கொடுத்தோம். தூரத்திலிருந்து வந்தவருக்கு அன்று அள்ளிய தண்ணீரில் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். அவர் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“இந்தத் தண்ணி எங்க எடுக்கிறனீங்கள்?”

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. நானே முன்னால் நடந்து மேட்டைக் காட்டினேன். அவர் நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு, “இதுதான் சரியான இடம்” என்றார். வேலிக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வந்தது துளையிடும் இயந்திரம். மேட்டின் நடுவில் குழாய்க் கிணறு இறங்கியது. மோட்டர், தூண்களின் மேல் தண்ணீர்த் தாங்கி, சந்திக்குச் சந்தி குழாய், எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்புத் திட்டம் என்று எழுதிய நீலப் பலகை. வேலிக்குக் காசு இல்லை என்றவர்கள் மோட்டர் அறையைச் சுற்றிக் கம்பி வேலி அடித்துப் பூட்டும் போட்டார்கள். எங்கள் பூவல்களில் பாதி அந்த வேலிக்குள் போய்விட்டன. மாடுகள் மற்றப் பாதியை வழக்கம்போல மிதித்தன.

பொய் சொல்லக்கூடாது, முதலில் எனக்கும் சந்தோசம்தான். மனைவி குடம் சுமக்கவில்லை. அடுத்த கோடையில் சோளகக் காற்று தொடங்கி மண் காய்ந்தபோது குழாய்த் தண்ணீர் கரித்தது. பூவல்களும் கரித்தன.

“அக்கா, சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் மாறிப்போச்சோ?” என்று வலை இழுக்கிற பொடியன் ஒருவன் கேட்டான்.

“உப்புக்குத் தனியாக் காசு எடுக்கேல்ல. குடி.”

“மீன் குழம்புக்கு இதை ஊத்தலாம். தேத்தண்ணிக்கு ஏலாது.”

அன்று அவளும் சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராகத் தெருக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். அவள் அடுப்பை ஊதிவிட்டுச் சும்மா இருந்தாள். தண்ணீரைக் காப்பதற்கென்று வந்த காசை வேலிக்குச் செலவழிக்க முடியாது, சும்மா விட்டு வைக்கவும் முடியாது, உறிஞ்சி எடுக்க மட்டும் முடியும் என்றால், அதற்குப் பாதுகாப்பு என்று ஏன் பெயர் வைத்தார்கள்? நீலப் பலகை நிற்கிறது. குழாயும் நிற்கிறது. அவற்றை எண்ணித் திட்டம் வெற்றி என்று எழுதியிருப்பார்கள். ஒருவராவது வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாரா?

நானும் மனைவியும் கரையோரமாக நடந்து நடந்து தோண்டிப் பார்த்தோம். கடைசியில் வெகு தூரத்தில், தாழம்பற்றைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு. அவள் சிரட்டையில் அள்ளி வாயில் வைத்து நாக்கால் துழாவிப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

“இஞ்சேருங்கோ, உப்பில்லை.”

மறுபடியும் குடம் சுமந்தாள். வலைக்காரர்கள் ஒவ்வொருவராக வாடிக்குத் திரும்பினார்கள். தண்ணீர் எங்கே என்பது அவர்களுக்கும் தெரியும்.

போன மாதம் அதே அதிகாரி வந்தார். இரண்டாம் கட்ட மானியம் வந்திருக்கிறதாம். வாடியில் கதிரை போட்டுக் கொடுத்தோம். அடுப்பில் புது மேட்டுத் தண்ணீர் ஒரு கேத்திலில் கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அதை இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு கேத்திலில் குழாய்த் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். வந்தவருக்கு அவள் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். “முந்தித் தந்தது இப்பிடி இல்லையே.”

“தண்ணி அப்பிடி, சேர்” என்றாள்.

“வேற நல்ல தண்ணி இருக்கிற இடம் ஏதும் இருக்கோ? இந்த முறை காசும் கூட.”

வலைக்காரர்கள் குனிந்து வலையில் சிக்கெடுத்தார்கள். முன்பு இடம் காட்டியவன் நான் என்பதால் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“இல்லை, சேர்” என்றேன். ஒரு அதிகாரிக்கு முன்னால் என் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது அன்றைக்குத்தான்.

அவர் கோப்பையை மறுபடி தொடாமல் எழும்பிப் போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஓயும்வரை வலைக்காரர்கள் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, எங்கட கேத்திலை எடுங்கோ” என்றான் பொடியன்.