லோகநாதன் அண்ணா போட்ட அடுத்த பால்

பெரிய பேரன் கார்த்திக்குக்கு ஹெப்பாள் கம்பெனியில் பிரமோஷன். சின்னவனுக்கு ஸ்கூலில் கன்னடப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. பேத்தி நிவேதா மாவட்ட டீமில் ஸ்பின் பவுலர்...

என் பதிவு எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும், உங்களுக்கே தெரியும். இன்றைக்கும் கை பழக்கத்தில் டைப் செய்துவிட்டது.

லோகநாதன் அண்ணா போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே.

என் வீட்டுக்காரரோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர். ரயில்வே டீமுக்கு லெக் ஸ்பின் போட்டவர். அக்ரஹாரம் ஏரியாவில் எங்களுக்கு அடுத்த தெரு.

என்னைவிட மூத்தவர். ஆனாலும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

கல்யாணமான புதிதில் டிபன் கேரியரோடு மேட்ச் பார்க்கப் போவேன். அண்ணா பால் போட வந்தால் பேட்ஸ்மேனுக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு மெதுவாக வரும் பால். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடப்பார்.

போன வாரம் நான் போட்ட வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். 'பழைய ஸ்டைல், புது ஸ்டைல்' என்று. எத்தனை பேர் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள்... அந்தப் பழைய ஸ்டைல் அவர்தான்.

நிவேதா பிராக்டிஸ் செய்யும் கிரவுண்டுக்கு அவரை அழைத்துப் போனதே நான்தான். அந்தக் காலத்தில் பாலைக் கையிலிருந்து எப்படி விட்டார்கள், இப்போது எப்படி விடுகிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆசை.

நிவேதா வேகமாக ஓடி வருவாள். மார்பு நேராகப் பேட்ஸ்மேனைப் பார்க்கும், கை சட்டென்று சுழலும், பால் தட்டையாகச் சீறிப் போகும். அகாடமியில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்... எதிரே நிற்பவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாதாம்.

அண்ணா நடந்தே வருவார். இடது தோளைப் பேட்ஸ்மேனுக்குக் காட்டிப் பக்கவாட்டில் திரும்புவார், கை காதை ஒட்டி மேலே போகும். மோதிர விரல் பாலைத் திருக, மணிக்கட்டு பூட்டைத் திறக்கிற மாதிரி புரளும். பால் கண்ணுக்கு மேலே எழும்பி, யோசித்து யோசித்து இறங்கும். யோசிக்க நேரம் கொடுத்தே ஆளைக் கவிழ்ப்பார்.

முதல் பாலுக்கு முன்னால் என்னிடம் சொன்னார். "சிஸ்டர், இது ட்ரையல். விரல் மரத்துக் கெடக்கு. கணக்குல சேர்க்காதீங்க."

தெருவில் ஆடுகிற பிள்ளைகளுக்கே தெரியும். ட்ரையல் பாலில் அவுட் ஆனாலும் அவுட் இல்லை.

அது கை நழுவி மேலே எகிறி, பக்கத்து வலையில் போய் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்த பாலுக்கு நிவேதா பேட் பிடித்தாள். பால் மேலே போனது, இவள் ஏறி அடிக்க வந்தாள். அது முன்னாலேயே இறங்கி, திரும்பி... ஸ்டம்ப் விழுந்தது. அவுட் ஆனவள்தான் முதலில் கை தட்டினாள்.

நான் என்ன செய்தேன்? நிவேதாவின் நல்ல பாலையும் அவருடைய ட்ரையலையும் ஒட்டிப் போட்டேன்.

"அஜ்ஜி, அது ட்ரையல். அதைப் போடக்கூடாது" என்றாள் நிவேதா.

"சும்மா இருடி. உன்னோடது எவ்வளவு ஜோரா தெரியுது பாரு" என்றேன்.

அவள் அவுட் ஆன வீடியோவை அழித்தும் விட்டேன். பேத்தி அவுட் ஆவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாவின் மனைவி சரோஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"உன் வீடியோவை வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டினாரும்மா. 'இது ட்ரையல்தான், அடுத்த பாலை சிஸ்டர் நாளைக்குப் போடுவாங்க'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. தினம் காலையில போனைத் திறந்து பார்ப்பாரு."

அதற்குப் பிறகு என்னால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அண்ணாவின் மகன் தேடிக்கொண்டிருந்தான். வீட்டில் இருப்பதெல்லாம் டீமோடு எடுத்தது, முகம் பொடிசாக இருக்கிறது. "ஆன்ட்டி, உங்க வீடியோலதான் அப்பா முகம் கிளியரா இருக்கு. அதுலேர்ந்து எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான்.

அதில் அவர் பால் நழுவிப்போன தன் காலிக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். போட்ட வீடியோவை இங்கிருந்து நீக்கிவிட்டேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லோகநாதன் அண்ணா, நீங்கள் போட்டது நல்ல பால். நான்தான் காட்டவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.

அன்று கிரவுண்டில் நிறைய பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தீர்கள். அடுத்த பாலுக்குப் பிறகு அண்ணா நின்ற நிற்பை யாராவது எடுத்திருந்தால், ஒரே ஒரு போட்டோ, மதியத்துக்குள் இங்கே போடுங்கள். ஸ்டம்ப் விழுந்து நிவேதா நிற்பது தெரிந்தாலும் பரவாயில்லை... அப்படியே போடுங்கள்.